வற்றிய ஏரியின் ஆழம்

மூன்றாம் எண் கேஜின் முள் பூஜ்யத்தை விட்டு ஒரு நெல்மணி அகலம் நகர்ந்து நின்றது.

அவள் முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. இருநூற்றுப் பதினான்கு படி இறங்கி வந்த முழங்கால்கள் இரண்டும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தன. விடியுமுன்னே எழுந்து, பக்கவாதத்தில் விழுந்துவிட்ட கணவனைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டி, துணியெல்லாம் அலசிக் காயப்போட்டு வந்த உடம்பு, அந்தச் சுரங்கத்தின் ஈரச் சுண்ணாம்பு வாடையில் நின்ற வாக்கிலேயே தூங்கப் பார்த்தது. அணையின் வயிற்றுக்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடுகிற சுரங்கம் அது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் வழிவிட முடியும். பத்தடிக்கு ஒரு பல்பு, அதிலும் பாதி கண்ணை மூடிவிட்டவை. வழியில் ஏழு இடங்களில், ஏரிப்பக்கத்துச் சுவர் முகத்திலிருந்து வரும் மெல்லிய குழாய் ஒன்று தலைநீட்டியிருக்கும்; அதன் நுனியில் வட்ட முகத்தோடு ஒரு கேஜ். ஏரித் தண்ணீர் சுவரை எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்வது கேஜின் வேலை. அதைக் குறித்துக்கொள்வது இருபத்தொரு வருடமாக அவள் வேலை. அணையில் எல்லோருக்கும் அவள் 'அளவு அக்கா'.

எட்டு மாதமாகக் குறித்துக்கொள்ள எதுவும் இல்லை. மூன்று வருடமாக மழை கைவிரித்துவிட்டது. ஏரி சுருங்கிச் சுருங்கி, குட்டையாகி, குட்டையும் காய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சேறாகக் கிடந்தது. ஏழு கேஜும் பூஜ்யத்தில் உறங்கின. அவளும் ரிஜிஸ்டரில் தினமும் இரண்டு வேளை ஏழேழு பூஜ்யம் போட்டுவிட்டு மேலேறிப் போவாள்.

இன்று மூன்றாம் எண்ணில் 0.2.

விரலால் தட்டினாள். முள் துடித்தது, துடித்துவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றது. இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வருகிற கணக்கு. முதுகுக்குப் பின்னால் எங்கோ ஒரு பல்பு டிக்கென்று அணைந்தது. எழுதிவிட்டு மேலே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். வெயில். சேறு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மறுநாள் 0.6. இந்த முறை ஏழு கேஜிலும் ஏறியிருந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஆபீசில் இருந்த இன்ஜினியருக்கு ஃபோன் போட்டாள்.

"முள் ஒட்டியிருக்கும்மா," என்றார் அவர். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஏழும் சேந்தா ஒட்டும் சார்?"

"எல்லாம் நம்ம வயசுக்கு மூத்த கேஜும்மா. ஸ்டோர்ல புதுசு இருக்கும். ஒண்ணை மாத்திப் பாருங்க."

மாத்திப் பார்த்தாள். பழைய கேஜைக் கழற்ற, குழாயின் திருகைத் திறந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுத்தம் இருந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், பலமுறை கண்ணில் வாங்கியிருக்கிறாள். எதுவும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை, காற்று என்றால் உஸ்ஸென்று ஒரு சத்தமாவது கேட்கும். சந்தேகத்தில் கட்டைவிரலைக் குழாய் வாயில் வைத்தாள்.

விரலை ஏதோ தள்ளியது.

மெல்ல, அவசரமில்லாமல், ஆனால் விடாமல். கூட்டத்தில் பின்னால் நிற்பவர் தோளால் தள்ளுவாரே, அப்படி. வெடுக்கென்று எடுத்துவிட்டாள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் விரல் உலர்ந்துதான் இருந்தது. ரேகைமேல் மட்டும் குழாய் வாயின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. எலும்புவரை குளிர்ந்திருந்தது.

புதுக் கேஜும் 0.6 தான் காட்டியது.

அன்றைக்குப் படியேறும்போது, வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்த அதிகாரி சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு தகர டிரம்மில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார் அவர். மேல் ஓட்டைத் தண்ணீர் டிரம்மை நக்கிக்கொண்டு வழிந்தது, கீழ் ஓட்டைத் தண்ணீர் எதிரே நின்றவர்கள் செருப்பை நனைத்தது. "கடல் பெருசா கிணறு பெருசான்னு சுவருக்குத் தெரியாது," என்றார். "எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி நிக்குதுங்கிறதுதான் அதுக்குத் தெரியும். பத்து மீட்டர் ஆழத்துக்கு, கட்டைவிரல் நகம் அளவு இடத்துல ஒரு கிலோ. இருபதுக்கு ரெண்டு. அதனாலதான் நம்ம சுவர் உச்சியில ஆறு மீட்டர் தடிமன், அடியில நாப்பத்தெட்டு." தண்ணீரின் உயரம் இரண்டு மடங்கானால் சுவர்மேல் விழும் தள்ளு நான்கு மடங்காகும், சுவரைக் குப்புறச் சாய்க்கப் பார்க்கும் வலு எட்டு மடங்காகும் என்றும் அவர் போர்டில் எழுதிக் காட்டினார். அறுபத்திரண்டு மீட்டர் சுவர். அறுபது மீட்டர் தண்ணீருக்குக் கட்டியது. அதற்குமேல் ஒரு முழம் ஏறுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் 1.3. நான்காம் நாள் 2.2.

சுரங்கத்தின் நடுவே ஒரு சிறு அறை உண்டு. அணையின் உச்சியிலிருந்து ஒரு கம்பி தொங்கி, நுனியில் கட்டிய குண்டு எண்ணெய்த் தொட்டியில் ஆடாமல் நிற்கும். ஏரி நிறைந்தால் சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவு ஊர்ப்பக்கம் சாயும்; கம்பி அதை மில்லிமீட்டர் கணக்கில் காட்டிக்கொடுக்கும். கேஜ் பொய் சொல்லும், கம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தாள். நான்கு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றபோதே, எங்கோ மேலே, கான்கிரீட் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், கனமான ஆள் கட்டிலில் புரண்டு படுத்தாற்போல ஒரு முனகல் எழுந்து அடங்கியது. ஏரி நிறைந்த வருடங்களில் கேட்ட சத்தம். மூன்று வருடமாகக் கேட்காத சத்தம்.

"வெயிலும்மா," என்றார் இன்ஜினியர். "தண்ணி இல்லாத சுவர் சூடாகி விரியுது. நாளை மறுநாள் நானே வர்றேன். நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. வீட்ல சார் எப்படி இருக்கார்?"

"இருக்கார்," என்றாள். வேறென்ன சொல்ல.

குவார்ட்டர்ஸ் அணைக்குக் கீழேயே, ஊரின் முதல் வரிசையில் இருந்தது. கணவனின் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தாள். சுவரையும் வானத்தையும் பார்த்துக் கிடக்கட்டும் என்று. வாய் ஒருபக்கம் கோணியதிலிருந்து அவன் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்று மாலை முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்தான்.

"காது."

"வலிக்குதா?"

"அடைக்குது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "கனக்குது."

"எது கனக்குது? போர்வையா?"

அவன் கண் ஜன்னலுக்குப் போனது. சுவருக்கு. அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள். "நீங்க வேற," என்றாள். குரலில் இருந்த எரிச்சல் அவளுக்கே கேட்டது. மனிதனுக்கு ஒரு தலைவலி போதாதா? வேலையிடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. அந்த ஒரு நாளாவது எதையும் யோசிக்காமல் தூங்க வேண்டும் போலிருந்தது. தூங்கினாள். கொட்டாவி விடும்போதெல்லாம் அவள் காதும் படக் படக் என்று திறந்து திறந்து மூடிக்கொண்டது.

ஆறாம் நாள் 4.1. அன்று கீழே அதிக நேரம் நிற்க முடியவில்லை. எழுதிவிட்டு அணையின் மேல் ரோட்டுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில், ஏரிப்பக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். வெயிலில் வெளுத்துப்போன சுவர் முகம் கீழே கீழே இறங்கிப் போனது. அதில், மூன்றில் ஒரு பங்கு கீழே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெளுப்பு, கோட்டுக்குக் கீழே கருமை. தண்ணீர் நிற்கிற இடத்தில் சுவர் எப்படிக் கறுத்திருக்குமோ அப்படி. சுவரில் கூடு கட்டியிருந்த சிட்டுகளின் சத்தம் இல்லை. கோட்டுக்குக் கீழிருந்த கூடுகள் காலி.

ஏரித் தரையில் காற்று புழுதியைக் கிளப்பியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புழுதி விழவில்லை.

கலக்கிய குளத்துச் சேறுபோல் அது சுருண்டு சுருண்டு, சோம்பலாக, ஒரே இடத்தில் நின்று திரும்பிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் காலை 5.3. பகல் பன்னிரண்டுக்கு 5.6. அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக, யாரையும் கேட்காமல், அணை உச்சியில் மதகுக் கதவுகளை ஏற்றி இறக்கும் ஷட்டர் மேடைக்குப் போனாள்.

ஷட்டர் இயக்குபவன் ஒரு வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தான். உடம்பு நெல்மூட்டைபோல இருக்கும், அதனால் ஊரே கிண்டலாக அவனை 'ஈர்க்குச்சி' என்றது. அணையில் அவள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற ஒரே ஆள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"அடி மதகைத் திறக்கணும் தம்பி."

"திறந்து? புழுதியையா ஊருக்கு அனுப்பறது?" சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். "யார் சொன்னா?"

"கேஜ் சொல்லுது. கம்பி சொல்லுது. அம்பத்தாறு மீட்டர் நிக்குது தம்பி."

"எது நிக்குது?"

அவள் மோட்டார் சுவிட்சைக் காட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு மோட்டாரைப் போட்டான். "உங்களுக்காக ஒரு சாண். எப்படியும் ஷட்டருக்கு ஓட்டம் கொடுக்கணும்தான்."

சங்கிலி முறுகியது. அடி மதகு ஒரு சாண் உயர்ந்தது. இருவரும் ரோட்டைக் கடந்து ஊர்ப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அறுபது மீட்டர் கீழே, மதகின் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. சத்தமில்லை. நுரையில்லை. ஆனால் மதகுக்கு முன்னால் வாய்க்காலில் ஆளுயரம் வளர்ந்து கிடந்த காய்ந்த கோரை, வேரோடு ஒட்டித் தரையில் படுத்தது. முதலில் ஒரு வரிசை. அப்புறம் அதற்கடுத்த வரிசை. யாரோ பெரிய கையால் தடவிக்கொண்டே போவதுபோல் ஊரைப் பார்த்து.

"காத்து," என்றான் ஈர்க்குச்சி.

அவன் சட்டை அசையவில்லை. அவள் தலைமயிர் அசையவில்லை.

மேடையில் மோட்டார் திணறி நின்றது. ஷட்டர் ஒரு சாணுக்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவன் இரண்டுமுறை முயன்றுவிட்டு, கையைத் துணியில் துடைத்தான். "ஏரிப்பக்கம் ஏதோ அடைச்சிருக்கு. இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன்." ஏரி வற்றியதிலிருந்து அவன் ஏரிப்பக்கச் சுவர்ப் படிகளில் இறங்கி ஏரித் தரைவரை நடந்து போய் கிரீஸ் போடுவது வழக்கம்தான். நூறு தடவையாவது போயிருப்பான்.

"வேணாம் தம்பி."

"ஏன்?"

ஏன் என்று அவளால் சொல்ல முடிந்திருந்தால்! ஆறு நாளாகச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்திருந்தது. இன்ஜினியரிடம் சொல்லி, ரிஜிஸ்டரில் எழுதி, தனக்குத்தானே சொல்லிக்கொண்டு. தண்ணீர் இல்லாத ஏரியில் மூழ்கிப் போவாய் என்று எந்த வாயால் சொல்வது? அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் அதை ஒரு அக்காளின் பாசமாக எடுத்துக்கொண்டு, தட்டிக்கொடுத்து விடுவித்துக்கொண்டான்.

"போய் உக்காருங்கக்கா. தூங்கி எத்தனை நாளாச்சு உங்களுக்கு?"

படிகள் சுவரோடு ஒட்டிச் சாய்வாக இறங்கின. அவள் கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கோடு இப்போது வெகு பக்கத்தில், இருபது படிக்குள் இருந்தது. பத்தாம் படி. பதினைந்து. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனான். கணுக்கால் கோட்டைத் தாண்டியது. முழங்கால். இடுப்பு.

அவன் நடை மெதுவானது.

சட்டை உப்பியது. முன்பக்கம், பின்பக்கம், பலூன்போல். அவன் குனிந்து தன் சட்டையையே பார்த்தான், வேடிக்கையாக. கையால் அமுக்கினான். அது மறுபடி உப்பியது. இன்னும் ஒரு படி. பாட்டு, பாதி வார்த்தையில் நின்றது.

வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"தம்பி!"

நிமிர்ந்து பார்த்தான். கன்னங்கள் புடைத்திருந்தன. கண் பெரிதாகியிருந்தது. இரண்டு கையாலும் எதையோ விலக்கினான். ஒரு செருப்பு காலைவிட்டுக் கழன்று, விழாமல், மேலே எழும்பி வந்தது. ஆடி ஆடி. கோட்டில் வந்து நின்றது. அவன் காலை உதைத்தான். பிறகு உதைக்கவில்லை.

அவளுக்குப் படியிறங்கி ஓடவேண்டும் என்று தோன்றியது. ஓடினாள். சைரனுக்கு.

ஷட்டர் மேடைத் தூணில் இருந்த அதன் இரும்புக் கைப்பிடியைத் தொங்கி இழுத்தாள். சைரன் அலறியது. கீழே ஊர். கதவுகள் திறந்தன. ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து சுவரைப் பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை. ஏன் ஓட வேண்டும்? எட்டு மாதமாக வறண்ட ஏரி. பையில் ஃபோன் துடித்தது. இன்ஜினியர்.

"யாரும்மா சைரன் போட்டது? ஊர்லேர்ந்து ஃபோன் வருது, நான் இன்னும் பாதி வழியிலதான் இருக்கேன். அங்க ஒரு சொட்டுத் தண்ணி கிடையாதே! ஹலோ? ஹலோ?"

"கீழ்வரிசை ஜனத்தை வெளியேத்துங்க சார். என் வீட்டுக்கும் யாரையாவது அனுப்புங்க. அவரால எழுந்திரிக்க முடியாது. சார், கேக்குதா?"

"என்னம்மா? சத்தமே வரலை. ஏதோ குபுகுபுன்னு..."

காது படக்கென்று மூடிக்கொண்டது. சைரன் சத்தம் தூரமாகிப் போனது, கம்பளிக்குள் போட்டு மூடியதுபோல.

காலடியில் சுவர் முனகியது. நீளமாக.

அவள் திரும்பினாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே முதலில் ஒரு கை வந்தது. விரித்த விரல்கள். பிறகு முதுகு, உப்பிய சட்டை. ஈர்க்குச்சி குப்புறப் படுத்தவாக்கில், வெறும் வெயிலில், எதன்மேலும் படாமல், கைப்பிடிச் சுவரைத் தாண்டி மெல்ல ரோட்டுக்கு வந்தான். அவன் தலைமயிர் உலர்ந்திருந்தது. உலர்ந்த மயிர் பாசிபோல விரிந்து அசைந்தது. அவள் முழங்காலை உரசிக்கொண்டு கடந்தான். கனமே இல்லை. அந்த நெல்மூட்டை உடம்புக்கு.

அவள் காக்கிக் கோட்டின் ஓரம் தூக்கிக்கொண்டது.

குளிர். முழங்கால் வரை. தொடை வரை. பாதம் தரையில் அழுந்தவில்லை. ஊர்ப்பக்கக் கைப்பிடிக் கம்பியைப் பாய்ந்து பிடித்தாள். பக்கத்தில் ஈர்க்குச்சி, விளிம்பில், ஒரு கணம் தயங்கினான்.

போய்விட்டான்.

கீழே சுவரடி மரங்கள் காற்றில்லாமல் ஊர்ப்பக்கம் வளைந்தன. முதல் வரிசை வீடுகள். மூன்றாவது ஜன்னல். காலையில் அவளே திறந்துவைத்த திரைச்சீலை. தெருவில் ஜனங்கள் இன்னும் அண்ணாந்து நின்றிருந்தார்கள். ஒரு பெண் அவளை அடையாளம் கண்டு கையசைத்தாள்.

இடுப்பு. நெஞ்சு. கழுத்து.

ஓடுங்க.

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. ஐந்தாறு குமிழிகள் வந்தன. பளபளவென்று, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, அவள் கண்ணெதிரே மதிய வெயிலுக்குள் மேலேறிப் போயின.